பெயரைக் கேட்கிறார்கள்

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர் நம்மிடம் சொன்னதைச் சென்ற வாரம் இப்பகுதியில் எழுதியிருந்தோம். சம்பளத்தில் மாதாமாதம் பி.எஃப். பிடிக்கிறார்கள், கணக்கில் ஏறவில்லை என்றார். அவர் பெயரையும் வேலை பார்க்கும் நகராட்சியின் பெயரையும் நாம் போடவில்லை. 'உண்மையென்றால் பெயரோடு சொல்ல வேண்டியதுதானே?' என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள்.

அவருக்கு நியமன ஆணை கிடையாது. நிறுத்துவதற்கும் ஆணை வேண்டாம். 'நாளையிலிருந்து வராதே' என்று மேஸ்திரி சொன்னால் போதும். இந்த வேலையில் கணவன், மனைவி, மைத்துனர் எனக் குடும்பமே ஒரே ஒப்பந்தக்காரரிடம் இருப்பது வழக்கம். ஒருவர் வாய் திறந்தால் எல்லார் சோற்றிலும் கை விழும். நம் ஊரில் பெயர் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் சாதி தெரியும். அதன்பின் எவரும் பி.எஃப். பற்றிப் பேசமாட்டார்கள்.

1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழ் வெளிவந்தபோது அண்ணல் அம்பேத்கர் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியர். அரசுப் பணியில் இருந்ததால் ஆசிரியர் என்று தன் பெயரைப் போட்டுக்கொள்ள முடியவில்லை. பாண்டுரங் பட்கரின் பெயர்தான் வந்தது. அவரிடம் போய்த் துணிச்சலைப் பற்றிப் பேசுவோமா?

சட்டத்துக்கும் இது தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. வழக்குக்குப் போன பிறகு கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு, வேலையிடத்துக் குறையைச் சொல்பவருக்கு இல்லை. முறைகேட்டை வெளிக்கொணர்வோருக்கென 2014இல் நிறைவேறிய சட்டமோ பெயரில்லாத புகாரை ஏற்காது. அதுவும் ஆண்டுக்கணக்கில் நடைமுறைக்கு வராமல் கிடக்கிறது.

பெயர் போடாததால் விசாரிக்காமல் எழுதினோம் என்று நினைக்க வேண்டாம். அவர் பி.எஃப். கணக்கைச் செல்போனில் திறந்து பார்த்தோம். 7 மாதம் காலி. வேறொரு மொட்டைக் கடிதமும் வந்தது. அலுவலர் ஒருவரின் குடும்பத்தைப் பற்றிய வசை; கிழித்துப் போட்டோம்.

ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டால், வேலை வாங்கும் நிர்வாகம்தான் பி.எஃப். தொகையைக் கட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே பெயர் கேட்கும் நண்பர்கள் தங்கள் ஊர் நகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். தூய்மைப் பணி ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது, கடைசியாக எந்த மாதத்துக்குப் பி.எஃப். கட்டினார்கள் என்று கேளுங்கள். வரும் பதிலை உங்கள் பெயரோடு வெளியிடுகிறோம்.