கொழுந்துக்குக் கணக்கு உண்டு, காய்ச்சலுக்கு?

கந்தப்பளைத் தோட்டங்களில் கொழுந்தை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை நிறுக்கிறார்கள். யார் எத்தனை கிலோ எடுத்தார், எந்த மலையில் எடுத்தார், சாக்குக்கும் தண்ணிக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்பதெல்லாம் அன்றன்றைக்கே பதிவாகிவிடும். (அந்தக் கழிவைப் பற்றிப் பேச இந்த இதழ் முழுவதும் போதாது.) பின்னேரம் லொறி தொழிற்சாலைக்குப் போவதற்குள் மொத்தக் கணக்கு துரையின் மேசையில் இருக்கும். ஆனால் அதே தோட்டத்தில் இன்று எத்தனை பேர் காய்ச்சலோடு படுத்திருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கொவிட் பரிசோதனை எடுத்தார்கள், எத்தனை பேருக்குத் தொற்று என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

கடந்த ஒரு வருடமாக அந்தக் கணக்கை நாங்கள் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வருகிறோம். நாங்கள் என்றால் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் சிலர், தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத்து அக்காமார், கொழும்பில் வேலை போய் வீடு திரும்பிய நான்கைந்து வாலிபர்கள். டாக்டர் யாரும் எங்களில் இல்லை. 2021 ஜூலை 12 முதல் அதிபர், ஆசிரியர் சம்பளப் போராட்டத்துக்காக சூம் வகுப்பையும் நிறுத்தியிருந்ததால் எங்களில் சிலருக்குக் கொப்பியோடு உட்கார நேரமும் கிடைத்தது.

தொடங்கியது 2020 தீபாவளிக்கு. 2020 செப்டெம்பர் வரைக்கும் நாட்டில் மொத்தமே சுமார் 3,400 தொற்றாளர்கள், 13 மரணங்கள். மலைநாட்டில் நாங்கள் அதைத் தூரத்துச் செய்தியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒக்டோபர் முதல் வாரத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் வெடித்தது. அந்த மாதக் கடைசிக்குள் பேலியகொடை மீன் சந்தையிலும் வெடித்தது. இரண்டு பக்கத்திலும் எங்கள் பிள்ளைகள் இருந்தார்கள். ஆடைத் தொழிற்சாலைகளில், புறக்கோட்டைக் கடைகளில், பங்களாக்களில் வேலை செய்பவர்களில் எத்தனை பேர் நம் லயத்துப் பிள்ளைகள் என்று உங்களுக்கே தெரியும். மேல் மாகாணத்தை விட்டு யாரும் வெளியேறக் கூடாது என்று நவம்பர் 11 நள்ளிரவு முதல் தடை போட்டார்கள். தீபாவளி 14ஆம் திகதி. வர நினைத்தவர்களில் பாதிப்பேர் அதற்கு முதலே பஸ் ஏறி வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் மாவட்ட வாரியான அறிக்கை வரும். ஆங்கிலத்தில் வரும் அதை வாசித்து, நுவரெலியா என்ற வரிசைக்கு நேரே இருக்கும் இலக்கத்தைக் கொப்பியில் எழுதுவோம். ஒரு மாதம் எழுதிய பிறகுதான் அந்த இலக்கத்தால் எங்களுக்குப் பிரயோசனம் குறைவு என்று விளங்கியது. நுவரெலியா மாவட்டம் என்பது ஹங்குராங்கெத்தையிலிருந்து மஸ்கெலியா வரை 7 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். இலக்கம் ஏறினால் அது பொகவந்தலாவையா, வலப்பனையா, நம் கீழ்ப்பிரிவு லயமா? கீழே இறங்கிப் பார்க்கலாம் என்றால் நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவு ஒன்றிலேயே அப்போது 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். நெடுந்தீவில் சில ஆயிரம் பேருக்கு ஒரு பிரதேச செயலகம் இருக்கிறது. அதில் எங்களுக்குப் பொறாமை இல்லை, அவர்களுக்கு அது தேவை. ஆனால் பிரதேச செயலகங்களைக் கூட்டித் தாருங்கள் என்று நாம் கேட்டுவந்தது அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் வரிசையில் நிற்கும் கஷ்டத்துக்காக மட்டும் அல்ல. பிரிவு இவ்வளவு பெரிதாக இருந்தால் நோயும் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

ஆகவே வாலிபர்கள் லயம் லயமாகக் கேட்டு எழுதத் தொடங்கினார்கள். முதல் வாரமே ஒரு பிழை விட்டோம். கொப்பியில் பெயர் எழுதினோம். அது எப்படியோ வட்ஸ்அப்பில் போய்விட்டது. அந்த வீட்டுப் பெண் பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனபோது குடத்தை வைக்க விடவில்லை. திருப்பி அனுப்பியவர்கள் வேறு யாரும் இல்லை, நம் ஆட்கள்தான். மூன்று நாள் அவர்கள் வீட்டுக்கு நாங்கள் தண்ணி சுமந்தோம். அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டோம். அன்றிலிருந்து கொப்பியில் பெயர் இல்லை. திகதி, பிரிவு, லய இலக்கம், எத்தனை பேர் என்பது மட்டுமே.

இரண்டாவது பிழை அதைவிடப் பெரியது. ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலத்துக்குக் கூட்டம் கூடியது. புதுவருடம் முடிந்தது, மூன்றாவது அலை வந்தது. மே மாதம் முழுவதும் எங்கள் கொப்பியில் இலக்கம் ஏறிக்கொண்டே போனது. பிறகு ஒரு வாரம் திடீரென்று பாதிக்கும் கீழே விழுந்தது. எங்களுக்கு ஒரே சந்தோசம். கோயில் ஒலிபெருக்கியிலேயே “தொற்றுக் குறைகிறது” என்று அறிவித்தோம். இரண்டு நாள் கழித்து மருத்துவமாது மிஸ்ஸைப் பாதையில் கண்டு விசாரித்தோம். “எங்க சேர் குறைஞ்சிச்சி? டெஸ்ட் எடுக்கிற கிட் முடிஞ்சி போச்சி. வந்த ஆளுகளத் திருப்பி அனுப்பிட்டோம்” என்றார்.

இதைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொல்லிவிடுகிறோம். போன வாரம் 100 பேருக்குப் பரிசோதித்து 10 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் 20 பேருக்குப் பரிசோதித்து 6 பேருக்குத் தொற்று. பத்து ஆறாகிவிட்டது, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் போன வாரம் நூற்றுக்குப் பத்து, இந்த வாரம் நூற்றுக்கு முப்பது. நோய் பரவியிருக்கிறது, பார்க்கிற கண்தான் சுருங்கியிருக்கிறது. பரிசோதித்தவர்களில் தொற்றுள்ளவர்கள் இரண்டு கிழமைக்காவது 5 வீதத்துக்குக் கீழே நின்றால்தான் கட்டுப்பாடுகளைத் தளர்த்த யோசிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொன்னது. இந்தக் கணக்கைப் போட இரண்டு இலக்கம் வேண்டும். நாங்கள் பார்த்த அறிக்கைகளில் மாவட்டத்துக்குத் தொற்றாளர் தொகை இருக்கும், பரிசோதனைத் தொகை நாடு முழுவதற்கும் சேர்த்துத்தான் இருக்கும். தோட்டத்துக்கு இரண்டுமே இல்லை. அந்த வாரத்திலிருந்து எங்கள் கொப்பியில் ‘எத்தனை பேருக்கு எடுத்தார்கள்’ என்று ஒரு கோடு கூடுதலாகப் போட்டோம்.

கிட் இருந்த நாட்களிலும் நம் ஆட்கள் வரிசையில் நிற்கவில்லை. அது அறியாமை என்று தோட்ட உத்தியோகத்தர் சிலர் பேசுகிறார்கள். ஒரு அக்கா எங்களிடம் சொன்னதைக் கேளுங்கள். “காச்சல்னு சொன்னா எனக்கு மட்டுமா சேர் பேரு போகும்? லயத்துக்கே பேரு போயிரும்.” ஒரு காம்பராவில் ஒருவருக்குத் தொற்று என்றால் 14 நாள் லயத்தையே மூடினார்கள். அந்த 14 நாளுக்கும் சம்பளம் இருக்கவில்லை. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு 10,000 ரூபா பெறுமதியான உலர் உணவுப் பொதி என்றார்கள். சில லயங்களுக்கு அது கிடைத்தது, சில லயங்களுக்குத் தனிமைக்காலம் முடிந்த பிறகு கிடைத்தது, சில லயங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. 2021 மார்ச் 5 முதல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்ததும் பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள், கிலோ குறைந்தால் அரைப் பேர் என்றார்கள். இந்த நிலைமையில் ஒரு தாய் இரண்டு பெனடோலைப் போட்டு, கொத்தமல்லித் தண்ணியைக் குடித்துவிட்டு மலைக்குப் போவது அறியாமையா? அவர் கணக்குத் தெரிந்தவர். நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்.

2021 ஆகஸ்டில் நாட்டின் மரணங்கள் ஒரு நாளில் 200ஐத் தாண்டின. வைத்தியசாலைகள் நிரம்பின. அறிகுறி குறைந்தவர்கள் வீட்டிலேயே இருக்கலாம், 1390க்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம் என்றார்கள். தனி அறை, காற்றோட்டம், தனி மலசலகூடம் வேண்டுமாம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஏழு பேர் இருக்கும் வீட்டில் எந்த அறையைத் தனி அறை என்பது? ஆகஸ்ட் 20 இரவு முதல் நாடு முடக்கம் என்றார்கள். ஆனால் பெரட்டுக்குத் தப்பட்டை அடிக்காத நாள் இல்லை. தேயிலை ஏற்றுமதி நிற்கக் கூடாது, அதனால் நமக்கு முடக்கம் இருக்கவில்லை. அது சரியா பிழையா என்று இன்னொரு நாள் வாதாடலாம். வேலைக்கு வா என்று கூப்பிடுகிறவர், வந்தவருக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கவும் கடமைப்பட்டவர் என்பதில் வாதம் இல்லை.

அந்த மாதம்தான் எங்களில் ஒரு தலைவர் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தார். பரிசோதனை இல்லை, அறிக்கை இல்லை, ஆனால் செக்ரோல் இருக்கிறதே! ஒவ்வொரு நாளும் காலையில் யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கப்பிள்ளை எழுதுகிறார். ஒரே லயத்தில் மூன்று நாளில் வராதவர் தொகை இரண்டு மடங்கானால் அது கல்யாணமும் இல்லை, திருவிழாவும் இல்லை. பரிசோதனை முடிவு வருவதற்குப் பல நாட்களுக்கு முன்பே அந்தக் கோட்டில் நோய் தெரியும். முன்பு பி.சி.ஆர். மாதிரி வெளியூர் ஆய்வுகூடத்துக்குப் போய் முடிவு வருவதற்குள் அந்த ஆள் சுகமாகி மலைக்கே வந்துவிட்டதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆகஸ்டிலிருந்து நாங்கள் ‘காய்ச்சல், பரிசோதனை இல்லை’ என்று மூன்றாவது கோட்டையும் போட்டு வருகிறோம். மற்ற இரண்டு கோட்டையும் விட அதுதான் நீளம்.

இதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டினோம். ஒரு மோட்டார் சைக்கிளில் இத்தனை தோட்டத்தையும் சுற்றும் மனிதர் அவர். கோபிப்பார் என்று நினைத்தோம். கொப்பியைப் போனில் படம் எடுத்துக்கொண்டார், அடுத்த வாரம் எந்த லயத்துக்கு முதலில் கிட் கொண்டுபோவது என்று அதைப் பார்த்தே முடிவு செய்தார். தோட்ட நிர்வாகத்திடம் காட்டியபோதுதான் பயம் கிளப்புகிறீர்கள் என்றார்கள். பெரட்டுக்களத்துப் பலகையில் எழுத விடவில்லை.

பயம் பற்றிப் பேசலாம். பயத்தைக் கிளப்புவது இலக்கம் அல்ல, இலக்கம் இல்லாத இடத்தில் ஓடும் கதை. மேல் லயத்தில் நாற்பது பேராம், மூன்று பேர் செத்தாச்சாம் என்று போனில் வந்த கதையை எங்கள் கொப்பி எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறது. சிறிய இடத்துக்கு இலக்கம் வெளியிட முடியாது என்பதும் சரியல்ல. கேரளத்தில் 2021 ஜூனில் ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் தனித்தனியாகப் பரிசோதனை வீதத்தைக் கணக்கிட்டு, 8 வீதத்துக்குக் கீழே உள்ள இடத்துக்கு ஒரு ஒழுங்கு, 30 வீதத்துக்கு மேலே உள்ள இடத்துக்கு வேறொரு ஒழுங்கு என்று நடத்தினார்கள். மூணாறு லயங்களில் இருக்கும் தமிழ்த் தொழிலாளர்களும் அந்த மாநிலத்தில்தான் வாழ்கிறார்கள்.

நம்மைத் தனிமைப்படுத்தும் அதிகாரம் 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. அந்தக் காலத்துக்குப் பிறகு நம் பாட்டன், பூட்டன்மாரை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்தி, ஒவ்வொரு உடம்பையும் சோதித்து, எண்ணித்தான் கப்பலேற்றினார்கள். அன்பினால் அல்ல, மலையில் வேலைக்கு ஆள் குறையக் கூடாது என்பதற்காக. ஆனாலும் எண்ணினார்கள்.

சங்கம் இப்போது கம்பனிகளோடும் சுகாதார அமைச்சோடும் பேசப் போகிறது. பெரட்டுக்களத்தில் கிலோப் பலகைக்குப் பக்கத்தில் மூன்று இலக்கம் எழுத வேண்டும்: எத்தனை பேருக்கு எடுத்தார்கள், எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் காய்ச்சலில். செக்ரோலின் அந்தக் கோட்டைப் பரிசோதகர் பார்க்க உரிமை வேண்டும். இவற்றுக்கெல்லாம் முதலில் தனிமையில் இருக்கும் 14 நாளுக்கும் முழுப் பேர் போட வேண்டும். அது இல்லாமல் மற்ற இரண்டும் கிடைத்தாலும் பலகையில் விழும் இலக்கம் பொய்யாகத்தான் இருக்கும். நோயைச் சொன்னால் சோறு போகும் என்ற இடத்தில் யாரும் நோயைச் சொல்ல மாட்டார்கள்.

2021 செப்டெம்பரில் நாட்டில் தொற்றாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 12 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். ஊசி போடுவது நல்ல வேகத்தில் நடந்தது, 2021 ஒக்டோபர் 1ஆம் திகதி நாடு திறந்தது. அந்த வருடம் நவம்பர் 4ஆம் திகதி தீபாவளி. கொழும்பிலிருந்து பிள்ளைகள் வருவார்கள், வரத்தான் வேண்டும். ஆகவே ஒக்டோபர் முதல் ஞாயிறு காலைக் கமிட்டிக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தலைவரும் தத்தம் பிரிவின் செப்டெம்பர்க் கணக்கை மூன்று கோடாக எழுதிக் கொண்டுவாருங்கள். கொப்பி இல்லாதவர்களுக்குப் பாடசாலையில் தருவோம். பெயர் எழுத வேண்டாம்.