பாட்டைப் பகிர்கிறோம், பெயரை?

கீழவாஞ்சூரில் மாலையானால் டீக்கடை பெஞ்சில் எங்கள் பேச்சு ஒன்றுதான்: "இப்ப என்ன கேக்குற?"

என் பதில், அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் பெயரையே தலைப்பாக்கி 2024இல் அவர் தந்த ஆல்பம்.

பெயர் ஏன் முக்கியம்? 2021 ஆகஸ்டில் 'எஞ்சாய் எஞ்சாமி'யைக் கொண்டாடிய ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில், அதை எழுதிப் பாடிய அறிவு இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. நாங்களும் கொதித்தோம், ஸ்டேட்டஸ் வைத்தோம்.

ஆனால் சாவு வீட்டுக்குப் பறையடிக்க வரும் பெரியவரை? தாத்தா வயது அவருக்கு. சாதியைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் பெயர் என்னவென்று பெஞ்சில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாட்டில் பறை அதிர்ந்தால் நமக்குச் சிலிர்க்கிறது. அதே பறையைத் தெருவில் அடிப்பவர் நமக்குப் பெயரற்றவர் என்றால், நாம் ரசிப்பது சத்தத்தை மட்டும்தான், மனிதரை அல்ல. அட்டையில் அறிவை விட்டவர்களிடம் கேட்ட கேள்வி நமக்கும் உரியது.

தோழர்களே, அடுத்த ஆல்பத்தைப் பகிரும் முன் உங்கள் ஊர்ப் பறைக் கலைஞரின் பெயரைக் கேட்டு வாருங்கள். நானும் போகிறேன்.