கேட்கும் உரிமை

1867ஆம் ஆண்டில் ஹேவாஹெட்டவை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அந்தத் தேயிலையைப் பற்றி நூல்கள் பல எழுந்தன. அதன் கொழுந்தைப் பறித்த கைகளின் வழிவந்த பிள்ளைகள் அந்நூல்களைத் தேடிப் படிக்க விரும்பினால் அவர்களுக்கு வழி யாது? இதுவே நம் கேள்வி.

தோட்டப் பாடசாலையில் கற்பித்துக்கொண்டே பட்டப் படிப்பையும் தொடரும் ஓர் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். மாலையில் வீடு திரும்பியபின் அவருக்கு ஓர் ஐயம் எழுகிறது. பேராதனைக்குப் போய்வர ஒரு நாளும் பஸ் கட்டணமும் வேண்டும். போனாலும் எந்த நூலைக் கேட்பது என்று அறியார். கைபேசியில் அவர் எழுதும் கேள்விக்கு, மறுமுனையில் இருக்கும் நூலகர் உடனுக்குடன் எழுத்தில் விடை தருவதே இணையவழி உரையாடற் சேவை. அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் 1990களின் இறுதியிலேயே இதைத் தொடங்கிவிட்டன.

“இது மாணவரைச் சோம்பேறிகளாக்கும்; அவர்களே தேடிக் கற்கட்டும்” என்பார் சிலர். தேடுவதற்கு நேரம் வேண்டும். நேரமோ வசதி படைத்தோரிடமே மிகுதி. சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவதாக வைத்தது வாசகரின் நேரத்தைக் காப்பதையே. வழிகாட்டுவது சலுகையன்று, நூலகத்தின் கடமை.

“விடை சொல்ல இயந்திரம் இருக்க, நூலகர் எதற்கு?” என்பார் வேறு சிலர். உரையாடும் இயந்திரங்கள், எவரும் எழுதாத நூலுக்குப் பெயரும் ஆண்டும் சூட்டித் தந்ததை நாம் கண்டிருக்கிறோம். அந்த இல்லாத நூலைத் தேடி மலையிறங்கும் ஆசிரியரின் ஒரு நாளுக்கு எவர் ஈடு கொடுப்பார்? இயந்திரம் துணையாக இருக்கட்டும். பொறுப்பேற்கும் மனிதர் பின்னால் இருந்தாக வேண்டும்.

மொழி நம் அடுத்த வழக்கு. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழில் எழுதிய கேள்விக்குத் தமிழில் விடை வராத சேவை, திறந்ததுபோல் தோன்றும் பூட்டிய கதவே.

“பணம் எங்கே?” என்று கேட்போருக்கு 2020ஐ நினைவூட்டுகிறோம். பெருந்தொற்றுக் காலத்தில் பல்கலைக்கழகத் தளங்களை மாணவர் கட்டணமின்றி அடைய வழி செய்யப்பட்டது. மனமிருந்தபோது மார்க்கம் பிறந்தது. ஆயினும் அலைவரிசை தேடி மரங்களிலும் குன்றுகளிலும் ஏறிய பிள்ளைகளின் படங்களும் அக்காலத்தில் வெளிவந்தன. ஆகவே உரையாடற் பெட்டி ஒன்றைத் திறந்துவிட்டால் யாவும் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை.

நாம் கோருவன இவை: உழைப்போர் ஓய்வு பெறும் மாலை வேளையில் சேவை இயங்க வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் விடை வேண்டும். இணையம் எட்டாத இடத்துக்குத் தொலைபேசியும் குறுஞ்செய்தியும் வேண்டும். இரவுப் பணியை இருக்கும் ஊழியர்மீது ஊதியமின்றிச் சுமத்தாது, புதிய நூலகர்களை நியமிக்க வேண்டும். தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கும் இச்சேவையில் இடம் வேண்டும்.

1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி பிறந்தது. கற்கும் உரிமையில் கேட்கும் உரிமையும் அடக்கம். ஆசிரியர்களே, மாணவர்களே, உங்கள் நூலகத்திடம் இதைக் கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.