நமக்கு ரெலிகேஷன்கூட இல்லையேய்யா!

கம்பத்துல சாயங்காலம் டீக்கடைப் பக்கம் ஒதுங்கவே பயமா இருக்கு. அரசியல் பேசினாக்கூடத் தாங்கிக்கலாம். பயலுக பேசுறது, மான்செஸ்டர் யுனைடெட்டுக்குச் சரியான மேனேஜர் யாருன்னு! 2013-ல ஃபெர்குசன் ரிட்டயர் ஆனதுல இருந்து இந்தப் பஞ்சாயத்து ஓயலை. "முன்ன இருந்த மேனேஜரு ஃபார்மேஷனை மாத்தவே மாட்டேன்னாருண்ணே, அதான் வினை"ங்கிறான் ஒருத்தன். விடியுமுன்ன ஏலத்தோட்டத்து ஜீப்பைப் பிடிக்க வேண்டிய பய. சாம்பியன்ஸ் லீக் மேட்ச் ஆரம்பிக்கிறதே நடுராத்திரி தாண்டி. எப்பத்தான் தூங்குறானோ!

அப்புறம் ரெலிகேஷன், அதான் கடைசியில நிக்கிற டீமைக் கீழ் டிவிஷனுக்கு இறக்குறது. லெஸ்டர் 2016-ல சாம்பியன், 2023-ல இறங்குச்சு, 2024-ல ஏறுச்சு, 2025-ல மறுபடி இறங்குச்சு. இதைச் சொல்லும்போது நம்ம பயலுக்குக் குரல் கம்முது. சொந்தத் தாய்மாமன் நொடிச்சுப் போன மாதிரி.

ஏப்பா, இங்கேயே அழுக ஒண்ணு இருக்கே, அதுக்கு ஒரு சொட்டாவது விட்டியா?

சென்னை சிட்டி எஃப்.சி. ஞாபகம் இருக்கா? பேரு சென்னை, ஆடுனது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல. (அதையெல்லாம் கேட்கக்கூடாது.) கோச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். பெட்ரோ மான்ஸி அந்த சீசன்ல மட்டும் 21 கோல். 2019 மார்ச் 9, கடைசி மேட்ச்ல மினர்வா பஞ்சாபை 3-1னு அடிச்சு, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயிண்ட்ல முந்தி ஐ-லீக் கோப்பை! வேற நாடா இருந்தா அடுத்த வருஷம் மேல் டிவிஷன். இங்கே ஐ.எஸ்.எல். கதவு அப்போ உள்பக்கமா பூட்டியிருந்துச்சு. கோகுலம் கேரளா அடுத்தடுத்து ரெண்டு வருஷம் ஜெயிச்சுட்டு வாசல்லயே நின்னுச்சு. 2022-23-ல ஜெயிச்ச பஞ்சாபுக்குத்தான் முதல் தடவையாத் திறந்துவிட்டாங்க. அதுக்குள்ள நம்ம சென்னை சிட்டி ஐ-லீக்லயே இல்லை. தோத்து இறங்கினாலாவது ஏறி வரலாம். காணாமப் போனவன் எந்தப் படியில ஏறுவான்?

மேலே ஐ.எஸ்.எல்.ல இருந்தவனுக்கு அப்போ அந்தக் கவலையும் கிடையாது. 2024-25-ல 13 டீம்ல கடைசி முகமதன் ஸ்போர்ட்டிங், 11-வது நம்ம சென்னையின் எஃப்.சி. இங்கிலாந்துக் கணக்குப்படி கடைசி மூணும் கீழே போகணும். ஒருத்தரும் போகலை. கோச்சு மட்டும் மாறினாரு. 2025 ஜூலையில பார்த்தா, லீக்கையே நிறுத்தி வச்சுட்டாங்க! டீம் இறங்கிப் பார்த்திருக்கோம், லீக்கே இறங்கிப் பார்த்திருக்கோமா?

இந்தியா டீம் கோச் கதை இன்னும் விசேஷம். 2024-ல ஸ்டிமாச்சை அனுப்பினாங்க. மார்க்கெஸ் வந்தாரு, ஒரு வருஷத்துல கிளம்பிட்டாரு. அடுத்த ஆளைத் தேடினா, பார்சிலோனா சாவி பேர்லயே ஒரு அப்ளிகேஷன். கடைசியில அது போலி மெயிலாம்! நல்லவேளை, காலித் ஜமீல் வந்தாரு. 2017-ல ஐஸ்வாலைச் சாம்பியன் ஆக்கின மனுஷன். அவரை வச்சும் சிங்கப்பூர்கிட்டத் தோத்தோம், பங்களாதேஷ்கிட்டத் தோத்தோம். உடனே டீக்கடையில "கோச்சை மாத்தணும்ணே". யாரை மாத்தினா என்னய்யா, ஃபெடரேஷன் நாற்காலியில இருக்கிறவனுக்கு ஒருநாளும் ரெலிகேஷன் கிடையாதே!

எங்க ஊர் லட்சணத்தைச் சொல்லவா? அறுப்பு முடிஞ்ச வயல்லதான் செவன்ஸ் ஆடுறோம். கோல்போஸ்ட்டு சவுக்குக் கம்பு. தாள் குத்திக் கால் கிழியாத பய கிடையாது. பெரியாறு தண்ணி முதல் போகத்துக்குத் திறந்துட்டா எங்க சீசன் முடிஞ்சுது. ஒரு கிரவுண்டு வேணும்னு மனு கொடுக்கப் போனா, வாங்கினவரு கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்கிறாரு: "ஃபுட்பாலா? கிரிக்கெட்டுன்னா சொல்லுங்க தம்பி, பார்க்கலாம்."

இந்தத் தடவை ஃபைனலுக்கு முந்தின நாளே வயல்காரர் டிராக்டரை விட்டு உழுதுட்டாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்லை, நாத்துப் பாவணும். கோப்பை எங்க வீட்டு பீரோ மேல கிடக்கு. ரெண்டு டீம் கேப்டனும் தினம் போன் அடிக்கிறான். யாருக்குய்யா கொடுக்கிறது?