மேக்ல கேம் ஓடலையா? அதுக்காக ரெண்டாவது லேப்டாப் இஎம்ஐ வேண்டாம்!



பொத்தேரி ஸ்டேஷன்ல காலேஜ் நேரத்துல இறங்குற கூட்டத்தைப் பார்த்திருப்பீங்க. முதுகுல பை, பைக்குள்ள லேப்டாப். எஸ்.ஆர்.எம். இருக்குற ஊராச்சே! நிறைய வீடுகள்ல பிள்ளை பி.டெக் சேர்ந்ததும் "நாலு வருஷம் உழைக்கட்டும்"னு கடனோ உடனோ வாங்கி ஒரு மேக்புக் எடுத்துக் கொடுத்துடறாங்க. படிப்புக்கு அது நல்ல மெஷின்தான். பிரச்சினை ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான் ஆரம்பிக்குது. ரூம்ல மத்த மூணு பேரும் வலோரன்ட் ஆடுவாங்க, மேக் வெச்சிருக்குற பையன் மட்டும் வேடிக்கை பார்ப்பான். ரெண்டு மாசத்துல வீட்டுக்கு போன் போகும்: "அப்பா, ப்ராஜெக்ட்டுக்கு இன்னொரு லேப்டாப் வேணும். நோ காஸ்ட் இஎம்ஐதான்!"

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கேம் ஆடறது தப்பே இல்லை. ஆனா ஒரே ஆளுக்கு ரெண்டு லேப்டாப் தவணை ஓடக்கூடாது. ஏன்னு பார்ப்போம்.

மேக்ல எது ஓடும், எது ஓடாது?

"மேக்ல கேமே ஓடாது"ன்னு சொல்றவங்க பழைய கதை பேசறாங்க. 2020 நவம்பர்ல எம்1 சிப் வந்த பிறகு நிலைமை நிறையவே மாறிடுச்சு. பால்டர்ஸ் கேட் 3, 2023-லயே மேக்குக்கு வந்தாச்சு. அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ் 2025 மார்ச்ல மத்த மெஷின்களோட ஒரே நாள்ல வந்துச்சு. சைபர்பங்க் 2077 அதே வருஷம் ஜூலைல வந்துச்சு. மைன்கிராஃப்ட், ஸ்டார்ட்யூ வேலி, டோட்டா 2 எல்லாம் ரொம்ப நாளா ஓடிட்டிருக்கு.

ஆனா ஹாஸ்டல்ல நண்பர்களோட ஆடற கேம்தான் இங்க மாட்டிக்குது. வலோரன்ட்ல வேன்கார்டுன்னு ஒரு காவல்காரன் இருக்கு. ஏமாத்தி ஆடறவங்களைப் பிடிக்கறதுக்காக விண்டோஸோட அடிமட்டம் வரைக்கும் போய் உட்காரும். மேக்ல அந்த அடித்தளமே வேற. பழைய இன்டெல் மேக்ல பூட் கேம்ப் மூலமா விண்டோஸையே போட்டுக்கலாம்; ஆப்பிள் சிப் மேக்ல அந்த வழியும் இல்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 வந்தப்போ, 2023-ல வால்வ் கம்பெனி மேக்கைக் கைவிட்டுடுச்சு.

அதனால "இந்த சாஃப்ட்வேர் வாங்கு, வலோரன்ட் ஓடும்"னு யாராவது சொன்னா பர்ஸை வெளியே எடுக்காதீங்க. கிராஸ்ஓவர் மாதிரி மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் வந்த சில தனியாள் கேம்களை ஓட்டும், உண்மைதான். ஆனா வேன்கார்டைத் தாண்டாது.

நோ காஸ்ட்னா நிஜமாவே காஸ்ட் இல்லையா?

2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி, பூஜ்ஜிய வட்டின்னு ஒரு விஷயமே கிடையாதுன்னு வங்கிகளுக்கு சுற்றறிக்கை அனுப்பிடுச்சு. இப்போ நடக்கறது என்னன்னா, வட்டி எவ்வளவோ அதைத் தள்ளுபடியா முன்னாடியே குறைச்சுக் காட்டுவாங்க. வட்டி இல்லாம போயிடல, வேற பாக்கெட்ல இருக்கு.

ஒரு கணக்கு போடுவோம். ₹70,000-க்கு ஒரு கேமிங் லேப்டாப், கிரெடிட் கார்டுல 15% வட்டி, 12 மாசம்னு வெச்சுக்கோங்க. மாசத் தவணை சுமார் ₹6,318. மொத்தம் ₹75,817. வட்டி மட்டும் ₹5,817. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, அதாவது சுமார் ₹1,047. நோ காஸ்ட்ல வட்டியைக் கழிச்சுக் கொடுத்தாலும் இந்த வரியும் ப்ராசஸிங் கட்டணமும் உங்க தலைலதான். பொத்தேரிக்காரங்களுக்கு ஜிஎஸ்டின்னா வாசல்ல போற ரோடு; இந்த ஜிஎஸ்டி வீட்டுக்குள்ளயே வந்துடும்!

வட்டித் தள்ளுபடி இல்லாத சாதா இஎம்ஐன்னா மொத்தச் செலவு ஏறக்குறைய ₹76,900. இப்போ இதே காசை வேற மாதிரி பாருங்க. கேமிங் கஃபேல மணிக்கு ₹80-ன்னு வெச்சா, 960 மணி நேரம் ஆடலாம். வாரம் ஆறு மணி நேரம் ஆடினா 160 வாரம். செமஸ்டர் லீவெல்லாம் கழிச்சா கிட்டத்தட்ட டிகிரியே முடிஞ்சிடும். நண்பர்களோட சேர்ந்து ஆடற அந்த சந்தோஷத்துக்கு லேப்டாப்பே சொந்தமா இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

அப்போ என்னதான் பண்றது?

இன்னும் வாங்கலைன்னா: நீங்க நிஜமா ஆடப்போற மூணு கேம் பேரை ஒரு பேப்பர்ல எழுதுங்க. அதுல ரெண்டு வலோரன்ட் வகையறான்னா, மேக் பக்கமே போகாதீங்க. படிப்பு, கேம் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே விண்டோஸ் லேப்டாப் எடுங்க. லோகோவுக்காக ஒண்ணு, கேமுக்காக ஒண்ணுன்னு போனா அப்பாவோட சேமிப்புதான் கரையும்.

மேக் ஏற்கெனவே வாங்கியாச்சு, கேம் இல்லாம இருக்கவே முடியாதுன்னா: வித்துட்டு மாறுங்க. செகண்ட் ஹேண்ட்ல மேக்புக்குக்கு ஓரளவு நல்ல விலை கிடைக்கும், அதுவும் வருஷம் ஏற ஏற குறையும். முடிவு எடுக்கறதா இருந்தா சீக்கிரம் எடுங்க. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல முதல்ல சொல்ற விலைக்கே தலையாட்டாம, ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் போய் நாலு கடைல கேளுங்க.

மேக்கையே வெச்சுக்கறேன்னா, இந்த நாலு விஷயம் உங்க காசை மிச்சப்படுத்தும்.

ஒண்ணு, ஒரே கேம் ஸ்டீம்லயும் ஆப் ஸ்டோர்லயும் இருந்தா ஸ்டீம்ல வாங்குங்க. பால்டர்ஸ் கேட் 3, சைபர்பங்க் மாதிரி கேம்களை அங்க ஒரு தடவை வாங்கினா மேக், விண்டோஸ் ரெண்டுலயும் ஓடும். நாளைக்கு மெஷின் மாறினாலும் கேம் கூடவே வரும். ஆப் ஸ்டோர்ல வாங்கினது ஆப்பிளோடயே நின்னுடும்.

ரெண்டு, வாங்கின 14 நாளைக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்தா ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். உங்க மேக்ல சரியா ஓடுதான்னு முதல் அரை மணி நேரத்துலயே பார்த்துடுங்க.

மூணு, இடம். பால்டர்ஸ் கேட் 3-க்கு மட்டும் 150 ஜிபி வேணும். 256 ஜிபி மேக்ல அது உட்கார்ந்தா ப்ராஜெக்ட் ஃபைலுக்கு இடம் இருக்காது. 2025 மார்ச்ல எம்4 மேக்புக் ஏர் வந்தப்போ விலை ₹99,900. 512 ஜிபின்னா அப்போ ₹1,19,900. கூடுதல் 256 ஜிபிக்கு ₹20,000! வாங்கின பிறகு மாத்தவும் முடியாது. ஸ்டீம் கேம்களை வெளில மாட்டுற எஸ்எஸ்டில வெச்சே ஆடலாம், அது எவ்வளவோ மலிவு.

நாலு, சூடு. மேக்புக் ஏர்ல ஃபேனே கிடையாது. செங்கல்பட்டு மே மாச வெயில்ல ஏசி இல்லாத ரூம்ல பெரிய கேம் ஓட்டினா மெஷின் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். சின்ன கேம்களுக்கு அது போதும்.

பெத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. "ப்ராஜெக்ட்டுக்கு"ன்னு பையன் கேட்டா எரிஞ்சு விழாதீங்க, "எந்த கேம்பா?"ன்னு நேராவே கேளுங்க. கேம்னு சொன்னா திட்டு விழும்னு பயந்துதான் அவன் ப்ராஜெக்ட்ங்கறான். உண்மையைச் சொல்ல இடம் கொடுத்தா, ரெண்டு பேரும் உட்கார்ந்து மேலே இருக்குற கணக்கைப் போட்டுடலாம். மாணவ நண்பர்களே, நீங்களும் அப்பாகிட்ட தவணைத் தொகையை மட்டும் சொல்லாதீங்க, மொத்தத் தொகையைச் சொல்லுங்க. மாசம் ₹6,318 சின்னதாத் தெரியும். அதே அப்பா ஏற்கெனவே மேக்புக்குக்கும் தவணை கட்டிட்டிருந்தா, அது வீட்டு மளிகைக் காசு.

அடுத்த வீடியோல கிரெடிட் கார்டு இஎம்ஐ ஸ்டேட்மென்ட்டை வரி வரியா எப்படிப் படிக்கறதுன்னு பார்க்கலாம்.