எடை கூடினால் குற்றமா?

"என்னம்மா, இப்படி குண்டாயிட்ட?" தீபாவளிக்கு வீடு திரும்பிய என்னிடம் அத்தை கேட்ட முதல் கேள்வி இது. ஆறு மாதத்தில் நான்கு கிலோ கூடியிருந்தேன். தவறுதலாக அல்ல, திட்டமிட்டுத்தான்.

தசை வளரப் பயிற்சி மட்டும் போதாது. உடல் செலவிடுவதைவிடச் சற்று அதிகமாக உண்ணவும் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் என்பது கணக்கு. 48 கிலோ இருந்த எனக்கு அது 77 கிராம். முட்டை, தெம்பே, மீன், பருப்பு என்று விடுதிச் சாப்பாட்டிலேயே தேடிக்கொண்டேன். கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்தது உண்மைதான். ஆனால், 20 கிலோ வெறும் கம்பியோடு தடுமாறியவள், இன்று 50 கிலோவைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுகிறேன்.

முன்பு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அப்போது யாரும் கவலைப்படவில்லை. "ஒல்லியா, அழகா இருக்க" என்றார்கள்.

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரிக்குக் கைதட்டிய நாம், வீட்டுப் பெண் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டால் முகம் சுளிப்பது ஏன்?

தோழியரே, பசியை அடக்குவது அழகல்ல. வலிமையும் பெண்ணுக்கு அழகே!