கத்தி யார் கைக்குப் போகிறது?

"கோட்டாவில் வந்த டாக்டரிடம் கண் ஆபரேஷன் செய்துகொள்வீர்களா?" என்று கேட்பவர்களிடம், தோழர்களே, ஒன்றைத் திருப்பிக் கேளுங்கள்: அந்த டாக்டருக்குப் பயிற்சியில் எத்தனை ஆபரேஷன் கொடுத்தீர்கள்?

கண்புரை அறுவையைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. லென்ஸின் பின்னுறை சில மைக்ரான் தடிமன்தான். அது கிழியாமல் புரையை எடுக்கக் கை பழக வேண்டும். கை பழகக் கேஸ் வேண்டும். நீட் மதிப்பெண் எம்.எஸ். சீட்டைத்தான் வாங்கித் தரும். அடுத்த மூன்றாண்டும் கேஸ் தருவது யூனிட்டின் சீனியர்கள். யார் மைக்ரோஸ்கோப் முன் உட்காருவது, யார் சொட்டு மருந்து ஊற்றிக் கேஸ் ஷீட் எழுதுவது என்பதெல்லாம் வாய்மொழி உத்தரவு. எழுத்தில் இல்லாத அதிகாரத்தில்தான் சாதி சத்தமில்லாமல் குடியேறுகிறது.

2019 மே மாதம் மும்பையில் நாம் இழந்த ஆதிவாசி மருத்துவர் பாயல் தட்வி, மகப்பேறு பி.ஜி. மாணவி. சீனியர்கள் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள், பிரசவமும் அறுவையும் பார்க்க விடாமல் தடுத்தார்கள் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு.

அமெரிக்காவில் கண் மருத்துவப் பயிற்சி முடிப்பவர், முதன்மை அறுவையாளராகக் குறைந்தது 86 கண்புரை அறுவை செய்திருக்க வேண்டும். இங்கும் லாக்புக் உண்டு. ஆனால் கேஸ் கொடுக்கும் துறையேதான் அதில் கையெழுத்தும் போடுகிறது.

நாம் கேட்பது கணக்கு. கேஸ்களை முறைவைத்துப் பிரியுங்கள். ஒவ்வொரு மாணவரும் செய்த அறுவைகளின் எண்ணிக்கையை மாதாமாதம் துறைப் பலகையில் ஒட்டுங்கள். கத்தியைக் கொடுக்காமலே கை நடுங்குகிறது என்று சொல்பவர்கள் அதற்குப் பிறகு மெரிட் பேசட்டும்.